மேல்வரியில் நிற்காத பெயர்

பெயரை எடுக்க முடியவில்லை என்கிறது. காபி குடித்துவிட்டு உட்கார்ந்ததிலிருந்து இதே பல்லவிதான், கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தில், கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல். 'பதிவு' ஃபைல் 'மண்டபம்' ஃபைலிடம் ஒரு பெயரைக் கேட்கிறதாம், மண்டபம் இன்னும் பாதிதான் எழுந்திருக்கிறதாம், பாதி எழுந்த ஃபைலிலிருந்து பெயரை எடுக்க முடியாதாம், அநேகமாக இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிக் கூப்பிடுகின்றன என்று எனக்கே புத்தி சொல்கிறது. பாதி எழுந்தவனிடம் பெயர் கேட்காதே. இதை இவ்வளவு மரியாதையாக எந்த டாக்டரும் சொன்னதில்லை. மாசி மாதத்தில் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், பிரஷ் கீழே விழுந்தது, குனிந்து எடுக்கப் போனேன், கை வரவில்லை, கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது, யாரோ என்னைப் பழிப்புக் காட்டுவது போல. மூளையில் சின்ன அடைப்பு, சீக்கிரம் வந்துவிட்டீர்கள், பிழைத்தீர்கள் என்றார்கள். கை வரும், நடை வரும், பேச்சு வரும், பெயர்கள்தான் கடைசியாக வரும் என்றார்கள். எல்லாம் அப்படியே வந்தது. இப்போது நடக்கிறேன், சட்டைப் பொத்தான் நானே போடுகிறேன், வலது கைச் சுண்டுவிரல் மட்டும் இன்னும் வெற்றிலை மென்ற நாக்குப் போல மரத்துக் கிடக்கிறது. பெயர்களும் வந்துவிட்டன. முதலில் பொருள்களின் பெயர்கள், பிறகு ஆட்களின் பெயர்கள். ஒன்றே ஒன்று வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. சமையலறையில் என் பெண்டாட்டி சின்ன வெங்காயம் உரிக்கிறாள், வாசனை இங்கே வரைக்கும் வருகிறது, கண் கரிக்கிறது, வெங்காயத்துக்குப் பெயர் இருக்கிறது, உரிப்பவளுக்கு இல்லை.

புரோகிராமை இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போம். அதே எரர். சரி, சபேசா, பதறாதே, முதலிலிருந்து வா. கும்பகோணத்தையும் சுற்றியிருக்கும் ஊர்களையும் சேர்ந்த கல்யாண மண்டபங்களை இணையத்தில் பதிவு செய்யும் தளம் இது, நானும் சிராஜும் ஆரம்பித்தது. மண்டபக்காரர்களைப் பேசி மடக்குவது சிராஜ், எழுதுவது நான். எழுதினேன் என்றால் ஒரே ஃபைலில் எழுதினேன், இழுக்க இழுக்க இறங்கிக்கொண்டே போகும், சிராஜ் அதை ஆடிப்பெருக்குக் காவேரி என்பான். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முகூர்த்த நாள் கணக்கா, ஜெனரேட்டர் வாடகையா, சமையல்கூடப் பாத்திரமா, எல்லாம் தலைக்குள் இருந்தது. தலைக்குள் இருப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று மாசியில் தெரிந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரே மண்டபத்தை ஒரே நாளில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தளம் கொடுத்துவிட்டது. எங்களிடம் வேலைக்கு இருக்கும் எஸ்தர் அந்தக் காவேரியில் இறங்கிப் பார்த்துவிட்டு, சார் வந்தாத்தான் முடியும் என்று கரையேறிவிட்டாள். இப்போது ஆடி. கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் தூங்கும் மாதம், எதையாவது பிரித்துப் போட வேண்டுமென்றால் இதுதான் நேரம். போன வாரம் சிராஜ் வந்து இந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாப்ள, நீ பிரிச்சுக் குடுத்துட்டா எஸ்தரும் பாக்கும், நீயும் பாக்கலாம். முடியலன்னா சொல்லு, தப்பில்ல. சென்னையில ஒரு கம்பெனிக்காரன் புதுசாவே எழுதித் தர்றேங்கிறான்" என்றான். முடியலன்னா சொல்லு. அந்த வாக்கியத்தை எத்தனை நாள் மனசுக்குள் உருட்டிப் பார்த்தானோ. முடியும்டா என்றேன். வாய் சொல்லிவிட்டது, தலை சொன்னதா என்று தெரியவில்லை. இன்றைக்கு மதியத் தொழுகை முடித்து நேரே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். தபால்காரர். அடுத்தது பால் பூத்துக்காரர்.

மண்டபம் தனி ஃபைல், பதிவு தனி ஃபைல், ரசீது தனி ஃபைல். மூன்றையும் வரிசையாக எழுப்புவதற்கு ஒரு தலைமை ஃபைல். அழகாகத்தான் பிரித்தேன். ஆனால் மண்டபத்துக்குப் பதிவைத் தெரியவேண்டியிருக்கிறது, அந்த நாளில் காலியா என்று யாராவது கேட்டால் பதிவைப் பார்க்காமல் எப்படிச் சொல்லும்? பதிவுக்கு மண்டபத்தைத் தெரியவேண்டியிருக்கிறது, எந்த மண்டபம் என்று தெரியாமல் எதைப் பதியும்? ஆகவே மண்டபம் எழுந்ததும் முதல் வரியிலேயே பதிவே வா என்கிறது. பதிவு எழுந்ததும் முதல் வரியிலேயே மண்டபமே வா என்கிறது. பந்தியில் இரண்டு சம்பந்திகள் நிற்கிற மாதிரி. நீங்க உக்காருங்க சம்பந்தி, ஐயோ நீங்க முதல்ல உக்காருங்க, இலையில் சாம்பார் ஆறிப்போகிறது, பின்னால் நிற்பவன் பசியில் சாகிறான். வரிசையை மாற்றினேன், பதிவை முதலில் எழுப்பினேன், எரர் அங்கிருந்து எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி மாற்றினேன், மறுபடி அந்தப் பக்கம். ஒரே ஃபைலில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை, யார் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரவழைக்கவேண்டியதில்லை, எல்லாரும் ஒரே கூரைக்குள் இருந்தார்கள், ஏய் என்றால் திரும்பினார்கள். ஏய் என்றுகூட வேண்டாம், ஒரு செருமல் போதும். நான் அவளை இத்தனை வருஷமாக எப்படிக் கூப்பிட்டேன்? இந்தாம்மா. இங்க பாரு. ஓவியா பிறந்தபிறகு ஓவியாம்மா. தெருவில் எல்லாருக்கும் அவள் ஓவியாம்மாதான், என் அம்மாவுக்கு அவள் பாப்பா, அவளுடைய தம்பிக்கு அக்கா, என் போனில் அவள் 'வீடு'. வீடு அழைக்கிறது என்று திரையில் வரும், எடுப்பேன், வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க என்று வீடு பேசும். அவளும் என் பெயரைச் சொன்னதில்லை, என்னங்கதான். இதில் மரியாதை இருக்கிறதா வெட்கம் இருக்கிறதா என்று யோசித்ததில்லை, எல்லா வீட்டிலும் இப்படித்தானே, எங்கள் தெருவில் எந்த ஆம்பிளை பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்? அதனால்தான் தொலைந்தது தெரியவே இல்லை. பயன்படுத்தாத சாமான் தொலைந்தால் தீபாவளிக்குப் பரண் ஏறும்போதுதானே தெரியும்.

எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரியில். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, டாக்டர் பேனாவைக் காட்டி இது என்ன என்றார், எழுதறது என்றேன். கைக்கடிகாரத்தைக் காட்டினார், மணி பார்க்கறது என்றேன். இவங்க யாரு என்று அவளைக் காட்டினார். ஓவியாம்மா என்றேன், டக்கென்று. "அவங்க பேரு சொல்லுங்க." தலைக்குள் கையை விட்டுத் துழாவினேன், அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது போலத் தேடினேன், வழுவழுவென்று இருந்தது. அப்போது எப்படித்தான் அந்தச் சாமர்த்தியம் வந்ததோ, இழுத்த வாயை வைத்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்து, "அதெல்லாம்... நாங்க... சொல்றதில்லைங்க டாக்டர்" என்றேன். டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், பழைய காலத்து ஆளு என்றார்கள், பெயர் சொன்னதாகவே கணக்கில் வைத்துக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாளோ என்று ஒரு சந்தேகம் எனக்கு அன்றிலிருந்து இருக்கிறது.

குக்கர் விசில். ஒன்று. பீரோவைத் திறந்தால் ரேஷன் கார்டு இருக்கிறது, ஆதார் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகைகூட எங்கேயோ இருக்கும். எழுந்து நாலு எட்டு வைத்தால் முடிந்தது. திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? பார்த்துச் சொன்னால் அது கண் சொன்னது, நான் சொன்னதாகாது என்று எனக்கே ஒரு பெருமையான காரணம் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். நிஜம் என்னவென்றால் பயம். திறந்து, எடுத்து, படித்து, அந்த எழுத்துகள் ஏதோ ஒரு ஊர்க்காரியின் பெயராகத் தெரிந்துவிட்டால்? இதுவா, இவளா என்று ஒரு நொடி திகைத்துவிட்டால்? அதற்குப்பிறகு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? தெரியாமல் இருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பத்திரிகை எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது, மஞ்சள் தடவிய மூலை, திருநிறைச்செல்வன் என்று போட்டு என் பெயர், கீழே திருநிறைச்செல்வி என்று போட்டு, அதற்கப்புறம் யாரோ எச்சில் தொட்டு அழித்த மாதிரி. ஒரு அம்மன் பெயர் என்பது மட்டும் நிச்சயம். அதனால் ராத்திரி தூக்கம் வராவிட்டால் பஸ்ஸில் ஏறிவிடுவேன், ஊர் ஊராக அம்மன்களைக் கும்பிட்டுக்கொண்டே போவேன். கும்பகோணத்தில் மங்களாம்பிகை, இல்லை. திருவாரூரில் கமலாம்பாள், இல்லை. திருக்கடையூரில் அபிராமி, அது என் சித்தி. மாயவரத்தில் அபயாம்பிகை, இல்லை. சீர்காழியில் பெரியநாயகி, இல்லை, ஆனால் கிட்டே, எங்கேயோ கிட்டே, உள்ளங்கால் குறுகுறுக்கிறது. சிதம்பரத்தில் சிவகாமி, இல்லை, தாண்டி வந்துவிட்டேன். மாயவரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவில் ஏதோ ஒரு ஊரில் பஸ் நிற்காமலே போய்விடுகிறது, விசில் அடிக்கிறேன், டிரைவர் காதிலேயே வாங்குவதில்லை.

"என்னங்க, மோர் கலக்கட்டா, இல்ல சிராஜ் அண்ணன் வந்தப்புறம் சேத்துக் குடிக்கிறீங்களா?" அவள்தான். வந்தப்புறம் என்றேன். "முடிஞ்சுதா?" இதோ என்றேன். இதோ என்பது ஆயிரம் வருஷமாகத் தமிழ் ஆண்கள் சொல்லிவரும் பொய். அவள் உள்ளே போய்விட்டாள், கேட்டதில் அவசரமே இல்லை, முடியாவிட்டாலும் மோர் உண்டு என்கிற குரல். அதுதான் என்னை என்னவோ செய்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், நிவேதா, ஓவியாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவள், படம் படமாகக் காட்டுவாள், நான் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் திணறிப்போய் நிற்பேன், பெயர் கையில் கிடைக்கிறவரை வாயைத் திறக்கமாட்டேன், தப்பாகச் சொல்லிவிடக்கூடாதே. ஒருநாள் அவளுக்கே பொறுமை போய்விட்டது. "சார், எல்லாப் பேரையும் வாசல்லயே வரிசையா நிக்க வச்சுக்கிட்டு அப்புறம்தான் பேசுவேன்னா நீங்க பேசவே மாட்டீங்க. ஆரம்பிங்க. எந்த இடத்துல வேணுமோ அந்த இடத்துல அது வரும்." எனக்குக் கோபம். நான் எஸ்தருக்கே என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறேன்? என்னென்ன பெயர் வேண்டுமோ எல்லாவற்றையும் ஃபைலின் உச்சியிலேயே வரவழைத்துவிடு, வேலையை அதற்குக் கீழே ஆரம்பி, சமைக்கும்போது நடுவில் உப்புக்கு ஓடாதே. நல்ல பழக்கம். எல்லாப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. எல்லாப் பெயரும் மேல்வரியில், வாசலில் விட்ட செருப்பு மாதிரி, வரிசையாக.

இரு. எந்த இடத்தில் வேணுமோ அந்த இடத்தில். மண்டபம் எழுந்திருக்கும்போதே அதற்குப் பதிவு எதற்கு? எழுந்திருப்பதற்குத் தேவையில்லையே. யாராவது ஒருத்தர் வந்து, ஆவணி பத்தாம் தேதி காலியா என்று கேட்கும்போதுதானே தேவை? கேட்கும்போது மண்டபமும் முழுக்க எழுந்திருக்கும், பதிவும் முழுக்க எழுந்திருக்கும். அப்போது கூப்பிட்டால் வராமலா போகும்? இது எனக்குத் தெரியாததா? தெரியும். அசிங்கமான வேலை, சுத்தமாக எழுதுகிறவன் செய்யமாட்டான் என்று ஒதுக்கிவைத்திருந்தேன், ஒருதரம் எஸ்தர் இப்படிச் செய்ததற்கு ஒரு மணி நேரம் உபதேசம் வேறு. அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், பாவம். சரி, உபதேசம் ஊருக்கு. மண்டபம் ஃபைலின் உச்சிக்குப் போகிறேன். பதிவைக் கூப்பிடும் அந்த வரியை வெட்டுகிறேன், மரத்துப்போன சுண்டுவிரலால்தான், அதுவும் கொஞ்சம் உழைக்கட்டும். கீழே இறங்குகிறேன், காலியா என்று பார்க்கும் அந்தச் சின்னப் பகுதிக்குள் போய், உள்ளே, முதல் வரியாக ஒட்டுகிறேன். மேலே வாசல் காலியாக இருக்கிறது, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது, தாலி இல்லாத கழுத்து என்று தோன்றி உடனே நாக்கைக் கடித்துக்கொள்கிறேன், இதென்ன நினைப்பு, இந்த வீட்டில் வைத்து. ஓட்டு. குக்கர் இரண்டாவது விசில். கண்ணை மூடிக்கொண்டேன். சிவப்பு வந்தால் சிராஜிடம் சொல்லிவிடுவேன், முடியலடா, சென்னைக்காரனிடமே கொடு. சொல்லிவிட்டு என்ன செய்வேன்? மோர் குடிப்பேன்.

கண்ணைத் திறந்தால் சிவப்புதான். ஆனால் வேறு சிவப்பு. மண்டபமும் எழுந்துவிட்டது, பதிவும் எழுந்துவிட்டது, சம்பந்திகள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், சண்டை மூன்றாவது ஃபைலில், ரசீதில், முதல் வரியில். என்ன சொல்கிறது? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். 'உ' என்ற பெயரை எனக்குத் தெரியாது என்கிறது. உ. உ யாருடா? இன்னொரு தரம் படித்தேன். எதை எழுதினாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவேன், பரீட்சைத் தாளிலிருந்து மளிகைச் சிட்டை வரைக்கும் அப்படித்தான், புது ஃபைல் ஆரம்பித்தாலும் முதல் வரியில் # என்று ஒரு வேலிக்குறி போட்டு, பக்கத்தில் ஒரு உ. வேலிக்குறி போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது, அது மனுஷர்களுக்கு எழுதியது என்று தாண்டிப் போய்விடும். உங்க பிள்ளையாருக்கு வேலி போட்ட ஒரே ஆள் நீதான் மாப்ள என்று சிராஜ் கிண்டல் செய்வான். காலையில் ரசீது ஃபைலுக்குச் சுழியைப் பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டியபோது வேலியை அங்கேயே விட்டுவிட்டு உ-வை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வேலி இல்லாததால் இது படித்துவிட்டது, படித்து, யாரோ பெயராக்கும் என்று மூன்று ஃபைலிலும் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, வந்து கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் கேட்கிறது, யார் ஐயா இந்த உ? பிள்ளையாரையே யார் என்று கேட்கிறது! எனக்கு முதலில் மூக்கு வழியாகத்தான் சிரிப்பு வந்தது, பிறகு வயிற்றிலிருந்து, பிறகு வாய் முழுக்க, இழுத்திருந்த பக்கமும் சேர்ந்து, மாசிக்கப்புறம் இப்படி நான் சிரித்ததே இல்லை, கண்ணில் தண்ணீர், நாற்காலி ஆடுகிறது, இதைத் தனியாக வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது, உடனே காட்டியாகவேண்டும், "தையல்நாயகி! இங்க வாயேன், தையல்நாயகி, இந்தக் கூத்தைப் பாரு!"

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. எனக்கும் சிரிப்பு நின்றது. நான் தேடவில்லை. சத்தியமாகத் தேடவில்லை, வாசலில் நிறுத்தி வைக்கவில்லை, வேண்டியிருந்தது, வந்தது. மாயவரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவில் வைத்தீஸ்வரன்கோயிலில் பஸ் நின்று, அவள் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்நியமாகவே இல்லை. அவள் முகம் எப்படியோ அப்படியே இருந்தது அந்தப் பெயர். கதவருகே வந்து நின்றாள், கையில் அரிவாள்மனைத் துணி, வெங்காயத்தால் கண் சிவந்திருந்தது. வெங்காயத்தால்தான் என்று நினைக்கிறேன். "என்ன, பேரைச் சொல்லிக் கூப்பிடுறீங்க? நான் என்ன ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டா உக்காந்திருக்கேன்?" என்றாள். பிள்ளையார் என்று திரையைக் காட்டினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு டாக்டர் அவ்வளவு கேட்டாரு. அப்ப மட்டும் சொல்றதில்லையாம்" என்றாள். அப்படியானால் எனக்குப் பெயர் வரவில்லை என்று இத்தனை மாதமும் தெரிந்தே இருந்திருக்கிறாள், தெரிந்துகொண்டே மோர் கலக்கியிருக்கிறாள், ஒரு தடவைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, அடுப்பு என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

வேலிக்குறியைப் போட்டேன். ஓட்டினேன். சிவப்பு இல்லை. தளம் திறந்தது, மண்டபங்கள் வரிசையாக வந்தன, ஆவணி பத்தாம் தேதியை அழுத்தினேன், காலி என்று பச்சையாகச் சொன்னது, அழுத்திய அந்த இடத்தில்தான் பதிவைக் கூப்பிட்டிருக்கும், கூப்பிட்டதும் வந்திருக்கும். வாசலில் பைக் வந்து நின்றது, இந்தத் தடவை சிராஜேதான், செருப்பைக் கழற்றும்போதே மாப்ள என்கிறான். "தையல்நாயகி, சிராஜ் வந்துட்டான், மோர்" என்றேன் உள்ளே பார்த்து. "என்ன சொன்னீங்க?" என்று வந்தது குரல். தையல்நாயகி, மோர் என்றேன். "கேக்கலைங்க." சமையலறை பத்தடி தூரம்கூட இல்லை, தெருமுனையில் கீரைக்காரி கூப்பிட்டால் கேட்கிற காது அது. சிராஜ் என்னையும் சமையலறையையும் மாறி மாறிப் பார்க்கிறான், அவனுக்கு அவள் பெயர் இன்றைக்குத்தான் தெரியும். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். டம்ளரில் மோர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நான்காவது தடவையும் கூப்பிட்டேன்.